வாசகர் கேள்வி - பதில்: அந்த 15 மீட்டர்

போன இதழில், மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஜிம் ஸ்டைன்ஸ் சிலையைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நாகர்கோவிலிலிருந்து 1986இல் இங்கே வந்து, செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் நான். விளையாட்டு நிபுணர் இல்லை. ஆனால் இந்த மனிதரை ஆடுகளத்தில் பார்த்தவள், அவருடைய கடைசி ஊர்வலத்தன்று தெருவில் நின்றவள். அந்த உரிமையில் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

திருச்சி வாசகர் ஒருவர்: கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே கால்பந்து வீரருக்குச் சிலையா? அது ரக்பியா, நமக்குத் தெரிந்த கால்பந்தா?

இரண்டும் இல்லை. மெல்பர்னில் பிறந்த தனி ஆட்டம் அது; ஆஸ்திரேலியக் கால்பந்து என்று பெயர். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குளிர்காலத்தில் உடம்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு விளையாட்டு வேண்டும் என்று தொடங்கினார்கள். 1859இல் மெல்பர்ன் கிளப் அதற்கு விதிகளை எழுதி வைத்தது. அதனால்தான் கிரிக்கெட் மைதானமும் கால்பந்தும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கோடையில் ஒன்று, குளிரில் மற்றொன்று.

முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம். ஒரு பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1. பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறுகை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். பந்தோடு ஓடினால் 15 மீட்டருக்கு ஒரு முறை தரையில் தட்டியே ஆக வேண்டும். வேறொருவர் உதைத்த பந்து 15 மீட்டராவது பறந்து வந்து, அதைத் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அதற்கு 'மார்க்' என்று பெயர். பிடித்தவருக்குத் தடையில்லாமல் உதைக்கும் வாய்ப்புக் கிடைக்கும். எதிரணிக்காரர் ஒருவர் அந்த இடத்தில் அசையாமல் நிற்கலாம். அவருக்கும் உதைப்பவருக்கும் இடையே வேறு யாரும் குறுக்கே ஓடக் கூடாது.

இந்தக் கடைசி விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

மெல்பர்னிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 15 வயது. உள்ளூர் அணியில் ஆடுகிறான். போன வாரம் அவன் செய்த தவறால் அணி தோற்றுவிட்டது. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, பயிற்சிக்கும் போகவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

அம்மா, நீங்கள் தேற்ற வேண்டாம். இந்தக் கதையை மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

1987 செப்டம்பர். நாங்கள் குடியேறி ஓராண்டு ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மையார் மெல்பர்ன் அணிக்காகவே உயிர் வாழ்ந்தவர். சிவப்பும் நீலமும் கலந்த கம்பளிக் கழுத்துத் துணியைத் தன் கையாலேயே பின்னியிருந்தார். துணைக்கு வருகிறாயா என்று கேட்டு, என்னை வேவர்லி பார்க் மைதானத்துக்கு அழைத்துப் போனார். இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம், எதிரணி ஹாதார்ன். 1964இல் கோப்பை வென்ற மெல்பர்ன் அணி, அதன்பிறகு அந்த ஆண்டுதான் முதல்முறையாக, பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்றுக்கே வந்திருந்தது. ராபி ஃப்ளவர் என்ற மெலிந்த மனிதருக்கு அது 272ஆவது ஆட்டம். அத்தனை ஆண்டுகள் ஆடி, ஓய்வுபெறும் பருவத்தில்தான் இறுதிச் சுற்றையே கண்டவர். அவருக்காகவாவது ஜெயிக்க வேண்டும் என்று அம்மையார் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. அப்போது ஹாதார்ன் அணியின் கேரி பக்கனாராவுக்குத் தடையில்லா உதை கிடைத்தது. கம்பங்கள் வெகு தூரத்தில் இருந்தன. அங்கிருந்து கோல் அடிப்பது மிகக் கடினம். சைரனும் ஒலித்தது. நேரம் முடிந்தாலும் அந்த ஓர் உதைக்கு மட்டும் அனுமதி உண்டு. அந்தக் குழப்பத்தில், உயரமான இளைஞன் ஒருவன், தான் காவல் காக்க வேண்டிய எதிரணிக்காரனைத் துரத்திக்கொண்டு, பக்கனாராவுக்கும் அவர் எதிரே நின்றவருக்கும் நடுவே ஓடிப்போனான்.

எனக்கு எதுவும் புரியவில்லை. அம்மையார் என் மணிக்கட்டைப் பிடித்த பிடிதான் ஏதோ நடந்துவிட்டது என்று சொன்னது. குறுக்கே ஓடியதற்குத் தண்டனையாக நடுவர் உதைக்கும் இடத்தை 15 மீட்டர் முன்னே கொண்டுபோனார். எட்டாத தூரம் எட்டுகிற தூரமாயிற்று. பக்கனாரா உதைத்தார். கோல். 80க்கு 78. ஃப்ளவரின் கடைசி ஆட்டம் அப்படி முடிந்தது.

எங்களைச் சுற்றி யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மையார் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் தேநீர் ஊற்றி எனக்குக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

குறுக்கே ஓடிய அந்த இளைஞன்தான் ஜிம் ஸ்டைன்ஸ். வயது 21. முதல்நிலை ஆட்டத்தில் அவருக்கு அது முதல் பருவம். உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்த்தி அவரைக் கடிந்துகொண்ட காட்சியைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அடுத்த ஆண்டு அந்தத் தண்டனையை 15 மீட்டரிலிருந்து 50 மீட்டராக உயர்த்தினார்கள்.

இதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: ஸ்டைன்ஸ் ஓர் ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள் ஆடியவர். 2025இல் காலிங்வுட் அணியின் ஜாக் கிரிஸ்ப் தாண்டும் வரை அந்தச் சாதனை நின்றது. அந்த 244இல் இந்தத் தோல்வியும் ஒன்று. தலைகுனிந்து வெளியேறிய அந்த ஆட்டமும், அடுத்த பருவத்தில் அவர் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டமும் அந்த எண்ணிக்கையில் அடுத்தடுத்து நிற்கின்றன. செவ்வாய்க்கிழமை பயிற்சி இருக்கும் அல்லவா? காலணியைத் துடைத்து வாசலில் வையுங்கள். நீங்களும் கூடவே போய் வேலியோரம் நில்லுங்கள்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: 18 வயதுக்கு மேல் முற்றிலும் புதிய ஆட்டத்தைக் கற்றுத் தொழில்முறை வீரர் ஆக முடியுமா?

தம்பி, முடிந்திருக்கிறது. ஆனால் எப்படி முடிந்தது என்பதைப் பாருங்கள்.

ஸ்டைன்ஸ் டப்ளினில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஆடுவது கேலிக் (Gaelic) கால்பந்து என்ற அயர்லாந்தின் சொந்த ஆட்டம், உருண்டைப் பந்து. 1984இல் டப்ளின் இளையோர் அணியோடு அனைத்து அயர்லாந்துப் பட்டம் வென்றார். அந்தச் சமயத்தில் மெல்பர்ன் கிளப் அயர்லாந்துச் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கொடுத்திருந்தது: உயரமான இளைஞர்கள் வேண்டும், வந்தால் படிப்புக்கும் உதவுகிறோம் என்று. ரான் பராசி பயிற்சியாளராக இருந்தபோது எடுத்த துணிச்சலான முயற்சி அது. பந்தை உயரத்தில் எகிறிப் பிடிக்கத் தெரிந்தவர்கள், ஓடிக்கொண்டே உதைக்கத் தெரிந்தவர்கள். பந்தின் வடிவம் மட்டும்தானே வேறு என்று நினைத்தார்கள்.

அந்த 'மட்டும்' எவ்வளவு பெரியது என்பது பந்தைக் கையில் எடுத்தால்தான் தெரியும். அம்மையாரின் பேரன் ஒருநாள் எனக்குக் காட்டிக்கொடுத்தான். நான்கு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சிவப்புத் தோல், நடுவில் தையல்வாய். புதுப் பந்தில் செருப்புக் கடை வாசனை வரும். அதைச் செங்குத்தாகப் பிடித்து, கீழ்நுனி தரையைப் பார்க்கும்படி ஒரு கையால் விட வேண்டும். பாதத்தின் மேல்பக்கம் அந்த நுனிக்குச் சற்று மேலே பட வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். விரலளவு சாய்ந்தாலும் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு பறக்கும். தரையில் விழுந்தாலோ கேட்கவே வேண்டாம். எந்தப் பக்கம் எகிறும் என்று பந்துக்கே தெரியாது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நடக்கத் தொடங்கும்போதே இது கால்வந்த பழக்கம். 18 வயதுக்காரர் ஒருவர் அவர்களோடு போட்டியிட வந்தார்.

உடனே இடம் கிடைக்கவில்லை. 1986இல் பிரஹ்ரான் என்ற கீழ்நிலை அணிக்கு ஆட அனுப்பினார்கள். 1987இல்தான் முதல்நிலை ஆட்டம். 1991இல் பிரவுன்லோ பதக்கம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் நடுவர்கள் கூடிச் சிறந்த மூவருக்கு 3, 2, 1 என்று வாக்களிப்பார்கள். பருவ முடிவில் அதிக வாக்குப் பெற்றவருக்கு அந்தப் பதக்கம். ஆஸ்திரேலியாவுக்கு வெளியே வளர்ந்து, பெரியவனான பிறகு இந்த ஆட்டத்தைக் கற்று அதை வென்றவர் அவர் ஒருவர்தான்.

அவருடைய இடத்துக்கு 'ரக்' என்று பெயர். நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எகிறித் தன் அணிக்குத் தட்டிவிடும் நெடியவர். பந்தைத் தட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த இடத்துக்கு மெல்ல வருவதுதான் அந்தக் காலத்து ரக் வீரர்களின் வழக்கம். ஸ்டைன்ஸ் தட்டிவிட்டு ஓடினார், ஓடிக்கொண்டே இருந்தார். எதிரணியின் கனத்த ரக் வீரர் மைதானத்தின் ஒரு முனையில் இருக்கும்போது, இவர் மறுமுனையில் தனியே நின்று மார்க் பிடிப்பதை நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பந்தின் வடிவத்தில் அவருக்கு இருந்த குறையை ஓட்டத்தில் ஈடுகட்டினார் என்றுதான் சொல்வேன். ஊரில் நீங்கள் கற்ற ஆட்டம் எதுவோ, அதில் உங்கள் உடம்பு எதைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் புதிய இடத்தில் உங்கள் கைமுதல்.

சேலம் வாசகி: 244 ஆட்டங்கள் இடைவிடாமல் ஆடினார் என்றால், அடிபட்டபோதும் ஆடினார் என்றுதானே பொருள்? இதைப் பாராட்டலாமா?

நல்ல கேள்வி. ரசிகையாக ஒரு பதிலும் செவிலியராக ஒரு பதிலும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு முன் ஜாக் டைட்டஸ் என்ற ரிச்மண்ட் வீரர் தொடர்ந்து 202 ஆட்டங்கள் ஆடியிருந்தார். அந்தச் சாதனை அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது. மோதலும் விழுதலுமான ஓர் ஆட்டத்தில், அதுவும் ஒவ்வோர் எகிறலிலும் எதிராளியின் முழங்கால் விலாவுக்கு வரும் இடத்தில் ஆடியவர், பதினோரு ஆண்டுகள் ஒரு வாரம்கூட விடவில்லை. 1998இல் கை எலும்பு முறிந்த பிறகுதான் நின்றார். ரசிகைக்கு இது மெய்சிலிர்க்கும் செய்தி.

செவிலியருக்கு அப்படி இல்லை. குளிர்கால சனிக்கிழமை மாலைகளில் அவசரப் பிரிவுக்கு வரும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். காலில் சேறு காய்ந்திருக்கும், தோள்பட்டை எலும்பு முறிந்து ஒரு பக்கம் தொங்கும். வலிக்கு ஊசி போடுவதற்குள், "அடுத்த சனிக்கிழமை ஆடலாமா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். எலும்பு பரவாயில்லை, கூடிவிடும். தலையில் அடிபட்டு, இன்று என்ன கிழமை என்று தெரியாமல் விழிப்பவனும் அதையேதான் கேட்பான். அந்தக் கேள்வியை வீரம் என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை.

பாலி ஃபார்மர் என்ற மாபெரும் ரக் வீரர் 2019இல் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தபோது, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைச் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது. அதே ஆண்டு இறந்த டேனி ஃப்ராலிக்கும் அதே நோய். இப்போது தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்பது தொழில்முறைப் போட்டிகளில் விதி. முன்னாள் வீரர்கள் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறார்கள். இன்றைய விதிகளின் கீழும் ஒருவர் 244ஐத் தாண்டிவிட்டார். தாண்டாமல் இருந்திருந்தாலும் நான் வருந்தியிருக்க மாட்டேன். ஸ்டைன்ஸின் எண்ணை மதிக்கிறேன். என் பேரப்பிள்ளைகள் அதைத் துரத்த வேண்டாம்.

மதுரை வாசகர்: ஆடி முடித்த பிறகு என்ன செய்தார்? பணம் நிறையச் சேர்த்திருப்பாரே?

அவர் வந்த காலத்தில் வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தவர். இன்றைய வீரர்களுக்கு ஆட்டமே முழுநேர வேலை; சம்பளமும் பெரிது. ஆனால் அணிகள் 18தான். ஒவ்வோர் ஆண்டும் புதிய 18 வயதுக்காரர்களை எடுக்கும்போது பட்டியலின் மறுமுனையில் இன்னொருவர் வெளியேற வேண்டும். சிலை வைக்கப்படுகிற வாழ்க்கை ஒன்று இருந்தால், சில ஆட்டங்களோடு 22 வயதில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வாழ்க்கைகள் பல இருக்கின்றன. இதையும் எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

ஸ்டைன்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோதே, 1994இல், பால் கரி என்ற நண்பருடன் சேர்ந்து 'ரீச்' அமைப்பைத் தொடங்கினார். பதின்வயதுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து, பயத்தையும் அவமானத்தையும் வாய்விட்டுப் பேசக் கற்கும் இடம் அது. பெரிய ஆட்ட வீரர் ஒருவர் அந்த வட்டத்தில் தரையில் உட்கார்ந்து, தான் தோற்ற கதையைச் சொன்னால் பிள்ளைகள் கேட்காமல் இருப்பார்களா? அவருடைய பதக்கத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 244ஐவிடவும்கூட.

2008இல் மெல்பர்ன் கிளப்பின் தலைவர் ஆனார். அப்போது கிளப்புக்குச் சுமார் 50 லட்சம் டாலர் கடன். கையேந்துவதற்கு வெட்கப்படாமல் ரசிகர்களிடமும் செல்வந்தர்களிடமும் போய், 2010இல் அந்தக் கடனை அடைத்தார். இடையில், 2009 ஜூலையில், தனக்குப் புற்றுநோய் என்று தானே ஊடகங்கள் முன் அறிவித்தார். மெலனோமா என்ற தோல் புற்றுநோய், உடம்புக்குள் பரவியிருந்தது. மூளையிலும் அறுவை சிகிச்சைகள் நடந்தன. அதன்பிறகும் 2012 தொடக்கம் வரை தலைவராகத் தொடர்ந்தார். 2012 மார்ச் 20 அன்று காலமானார். வயது 45.

அரசு மரியாதையுடன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நடந்தது. எதிரே ஃபெடரேஷன் சதுக்கத்தில் பெரிய திரையின் முன் நானும் பக்கத்து வீட்டு அம்மையாரும் நின்றோம். பள்ளிச் சீருடையில் வந்திருந்த ஒரு பெண், எங்களுக்கு முன்னால், முதுகுப் பையைக் கழற்றாமலே கடைசி வரை நின்றாள். அவள் பிறப்பதற்கு முன்பே அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டிருப்பார்.

யாழ்ப்பாண வாசகர்: அவருக்குப் பின் அயர்லாந்திலிருந்து வேறு யாராவது வந்தார்களா?

நிறையப் பேர். டைக் கெனலி 2005இல் சிட்னி அணியோடு கோப்பை வென்று, மேடையிலேயே அயர்லாந்து நடனம் ஆடினார். பிறகு ஊருக்குத் திரும்பி, 2009இல் கெர்ரி அணியோடு அங்கேயும் பட்டம் வென்றார். ஸ்டைன்ஸ் ஆடிய மொத்த ஆட்டங்கள் 264. அதை 2023இல் ஜாக் டூஹி என்ற அயர்லாந்துக்காரர் தாண்டினார். 2017இல் தொடங்கிய மகளிர் போட்டித் தொடருக்கும் அங்கிருந்து பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சென்னை வாசகி: ஸ்டைன்ஸ் ஆடியபோது மெல்பர்ன் கோப்பை வென்றதா?

இல்லை. 1988இல் இறுதிப் போட்டி வரை போய், அதே ஹாதார்னிடம் 96 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். பதக்கம் உண்டு, கிளப்பின் சிறந்த வீரர் விருது நான்கு முறை உண்டு; கோப்பை மட்டும் அவர் கைக்கு வரவே இல்லை.

2021 செப்டம்பரில்தான் வந்தது, 57 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவும் மெல்பர்னில் இல்லை. கொரோனாவால் ஊரே பூட்டிக் கிடந்ததால் இறுதிப் போட்டியைப் பெர்த்தில் நடத்தினார்கள். ஒரு கட்டத்தில் 19 புள்ளி பின்தங்கியிருந்தவர்கள், கடைசியில் 74 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். ஃப்ளவரும் அதற்கு ஏழாண்டு முன்பே போய்விட்டிருந்தார்.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த நாள்கள் அவை. சைரன் ஒலித்ததும் நான் பின்கட்டுக்கு வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அம்மையார் ஏற்கெனவே வந்து நின்றார். எண்பதைத் தாண்டிய உடம்பு, கையில் ஊன்றுகோல், கழுத்தில் அதே சிவப்பும் நீலமும். இருவருக்கும் பேச்சு வரவில்லை. உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்து, கோப்பையை வேலிப் பலகையின்மேல் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றேன். அவர் எடுத்துக்கொண்டார். இந்த முறை முழுவதும் குடித்தார்.